வீட்டில் ஓடும் கேம் சர்வரில் வெளியூர் நண்பர்களால் இணைய முடியவில்லையா? உள்ளிருந்து வெளியே சோதித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டுக் கணினியில் மைன்கிராஃப்ட் சர்வரை ஓடவிட்டு, கோயம்புத்தூரில் படிக்கும் நண்பரையும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனையும் அதில் சேர்க்க முயல்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே அனுபவம்தான் கிடைக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஆட்டம் தடையின்றி ஓடுகிறது. வெளியில் இருப்பவர்களுக்கோ அரை நிமிடக் காத்திருப்புக்குப் பின் ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்ற வரி மட்டுமே வருகிறது. இணையத்தில் தேடினால் ‘ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள்’, அதாவது ஒரு நிரலுக்குரிய எண்ணிட்ட வாசலான போர்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பை ரௌட்டர் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும்படி அமையுங்கள் என்ற பதில் எல்லா இடத்திலும் கிடைக்கும். அது பிழையான பதில் அல்ல என்றாலும், உள்ளூர்க் கேபிள்காரர் வழியாக வரும் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் அது பலிக்கவே பலிக்காது, ஏனெனில் அங்கே அடைப்பு உங்கள் ரௌட்டரைத் தாண்டி, நீங்கள் கை வைக்க முடியாத இடத்தில் இருக்கிறது.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் நேராகக் கல்லணைக்கு ஓடுவதில்லை. வயலின் வாய்மடையில் தொடங்கி, வாய்க்கால் வழியே மேலே நடந்து, எந்த மதகுவரை தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில், சர்வர் ஓடும் கணினியில் தொடங்கி வெளியே செல்கிறது. எடுத்துக்காட்டாக மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பையும் விண்டோஸ் கணினியையும் கொண்டிருக்கிறேன். மற்ற ஆட்டங்களுக்குப் போர்ட் எண்ணும் அதன் நெறிமுறையும் (டிசிபி அல்லது யுடிபி) மட்டுமே மாறும், வழிமுறை மாறாது.

தொடங்கும் முன்: பிழைச் செய்தியைக் கவனியுங்கள்

நண்பரின் திரையில் வரும் செய்தியைச் சொல் மாறாமல் அனுப்பச் சொல்லுங்கள். ‘கனெக்ட் ஆகவில்லை’ என்ற தகவலை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று சட்டென வந்தால், அழைப்பு ஏதோ ஓர் இயந்திரம்வரை சென்றுவிட்டது, ஆனால் அங்கே அந்தப் போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்று பொருள். சர்வர் அணைந்திருக்கலாம், அல்லது போர்ட் எண் தவறாக இருக்கலாம். ‘டைம்ட் அவுட்’ என்று நேரம் கழித்து வந்தால், அழைப்பை வழியில் ஏதோ ஒன்று பதிலே தராமல் விழுங்கியிருக்கிறது. ஃபயர்வாலும் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல் நிரல்) இணையச் சேவை நிறுவனத்தின் கட்டமைப்பும் பொதுவாக இப்படித்தான் நடந்துகொள்ளும். ‘அன்நோன் ஹோஸ்ட்’ என்றால் கொடுத்த பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம்; முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

‘அவுட்டேட்டட் கிளையன்ட்’, ‘நீங்கள் ஒயிட்லிஸ்டில் இல்லை’, ‘ஃபெயில்ட் டு வெரிஃபை யூசர்நேம்’ போன்ற செய்திகள் வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். இவை சர்வரே அனுப்பும் பதில்கள். வலையமைப்பு முழுவதும் சரியாக இருக்கிறது, பதிப்பையோ பயனர் கணக்கையோ திருத்தினால் போதும்.

படி 1: அதே கணினியில் சோதியுங்கள்

சர்வர் ஓடும் கணினியிலேயே ஆட்டத்தைத் திறந்து, முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்றோ 127.0.0.1 என்றோ கொடுங்கள். இங்கேயே இணைய முடியவில்லை என்றால் ரௌட்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஜாவாவின் பதிப்பு பொருந்தாததால் சர்வர் தொடங்காமலே நின்றிருக்கலாம், மைன்கிராஃப்ட் 1.18 முதல் குறைந்தது ஜாவா 17-உம், 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21-உம் தேவைப்படுகின்றன. கன்சோலில் (சர்வர் ஓடும்போது அதன் செய்திகள் வரும் சாளரம்) ‘ஃபெயில்ட் டு பைண்ட் டு போர்ட்’ என்ற வரி இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். முன்பு சரியாக மூடப்படாத சர்வர் ஒன்று பின்னணியில் அதே போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பழைய ஜாவாவை நிறுத்திவிட்டால் அது தீரும். இன்னொன்று, சர்வரின் ப்ராப்பர்டீஸ் கோப்பில் ‘சர்வர்-ஐபி’ என்ற வரியில் யாரோ சொன்னதைக் கேட்டு வெளி முகவரியை எழுதியிருப்பது. அந்த வரி காலியாகவே இருக்க வேண்டும். வெளி முகவரி ரௌட்டருக்கோ அதற்கும் அப்பாலோ இருப்பது. உங்கள் கணினியிடம் அது இல்லாததால் சர்வரால் அதைப் பற்றிக்கொள்ள இயலாது.

படி 2: அதே வீட்டில் இன்னொரு கருவியிலிருந்து சோதியுங்கள்

கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை இட்டால், கணினியின் ஐபிவி4 முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) 192.168.1.20 என்பதுபோல் காட்டும். அதே வைஃபையில் இருக்கும் மற்றொரு கணினியிலிருந்து அந்த முகவரிக்கு இணைத்துப் பாருங்கள். படி 1 வெற்றி பெற்று இது மட்டும் தோற்றால், பெரும்பாலும் குற்றவாளி விண்டோஸ் ஃபயர்வால்தான்.

சர்வரை முதன்முறை தொடங்கியபோது விண்டோஸ் ‘அனுமதிக்கவா?’ என்று ஒரு பெட்டியைக் காட்டியிருக்கும். அவசரத்தில் அதில் ‘கேன்சல்’ அழுத்தியவர்களுக்கு, ஜாவாவைத் தடுக்கும் விதி ஒன்று சத்தமின்றி எழுதப்பட்டிருக்கும். பிறகு எத்தனை அனுமதி விதிகளைச் சேர்த்தாலும் பயனில்லை, ஏனெனில் விண்டோஸ் ஃபயர்வாலில் தடுக்கும் விதி அனுமதிக்கும் விதியை வெல்லும். ஆகவே ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ பட்டியலில் ஜாவா பெயரில் உள்ள தடை விதிகளை முதலில் நீக்கிவிட்டு, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் இயல்பான டிசிபி 25565 போர்ட்டுக்குப் புதிய அனுமதி விதியை எழுதுங்கள். உங்கள் வைஃபை ‘பப்ளிக்’ வலையமைப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால் அதைப் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். தனியாக ஆன்டிவைரஸ் நிறுவியிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கக்கூடும். ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்து வைப்பதைத் தீர்வாக ஏற்காதீர்கள். சில நிமிடச் சோதனைக்கு மட்டும் அணைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கருவி ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தாலும் இந்தச் சோதனை தோற்கும், ஏனெனில் அந்த வலையமைப்பு வீட்டுக் கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாது.

இது வேலை செய்தபின், ரௌட்டரில் உள் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பகுதியில் அந்தக் கணினிக்கு ஒரே உள் முகவரி நிரந்தரமாகக் கிடைக்கும்படி ‘ரிசர்வேஷன்’ செய்துவிடுங்கள். இல்லையேல் ஒரு மின்தடைக்குப் பின் கணினிக்கு வேறு எண் கிடைத்து, படி 4-இல் நீங்கள் எழுதப்போகும் விதி ஆளில்லாத முகவரியைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

படி 3: உங்களிடம் உண்மையான பொது முகவரி இருக்கிறதா?

மற்ற எல்லாப் படிகளையும்விட இது முக்கியமானது; போர்ட் ஃபார்வர்டிங்கில் இறங்குவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடிதான். உலகளாவிய இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆகவே பல சேவை நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து நடத்துகின்றன. இதைச் சிஜிநாட் என்கிறார்கள். யூடியூப் பார்க்கவும் பணம் அனுப்பவும் இதனால் எந்தக் குறையும் இல்லை. வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வரும் அழைப்புக்கு மட்டும் வழி இல்லை, ஏனெனில் அந்தப் பொது முகவரிக்கு வரும் அழைப்பை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. விபிஎன் எதுவும் ஓடினால் அணைத்துவிட்டு, உலாவியில் உங்கள் ஐபி முகவரி என்ன என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, அது காட்டும் ஐபிவி4 எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில், அதாவது பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில், ‘ஸ்டேட்டஸ்’ பகுதிக்குள் ‘வான் ஐபி’ (ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று இருப்பதைப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் பொது முகவரி உள்ளது. படி 4-க்குச் செல்லலாம். வான் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால் அது சிஜிநாட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி, சந்தேகத்துக்கு இடமில்லை. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான், ஏனெனில் உள்ளூர் நிறுவனங்கள் சில அந்தத் தொகுதியைப் பயன்படுத்துகின்றன. இந்த நிலையில் ரௌட்டரில் எத்தனை விதிகள் எழுதினாலும் வீண்; படி 4-ஐயும் 5-ஐயும் விட்டுவிட்டு, சிஜிநாட் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

வான் முகவரி 192.168 என்று தொடங்கினால் வேறொரு நிலை: உங்கள் வீட்டிலேயே இரண்டு ரௌட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஃபைபர் இழை வந்து சேரும் இடத்தில் கேபிள்காரர் பொருத்திய ஓஎன்டி பெட்டியே ஒரு ரௌட்டர். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று நீங்கள் வாங்கிச் சேர்த்தது இரண்டாவது. இரண்டாவதை, வைஃபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றிவிடுவதே எளிய தீர்வு. அதற்குப் பிறகு ஓஎன்டியின் வான் முகவரியைத் திரும்பவும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனெனில் இரட்டை ரௌட்டருக்குப் பின்னால் சிஜிநாட்டும் ஒளிந்திருப்பது அரிதல்ல.

படி 4: ரௌட்டரில் விதியை எழுதுங்கள்

இந்தப் பகுதிக்கு ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒவ்வொரு பெயர்: போர்ட் ஃபார்வர்டிங், விர்ச்சுவல் சர்வர், போர்ட் மேப்பிங். தேடினால் கிடைக்கும். வெளிப் போர்ட், உள் போர்ட் இரண்டிலும் 25565, உள் முகவரியில் நீங்கள் நிரந்தரமாக்கிய எண், நெறிமுறையில் டிசிபி. அவ்வளவுதான்.

தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது நெறிமுறை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு டிசிபியிலும், கைப்பேசியில் ஆடும் பெட்ராக் பதிப்பு யுடிபி 19132-இலும் இயங்குகின்றன. டெர்ரேரியா டிசிபி 7777, வால்ஹைம் யுடிபி 2456-உம் 2457-உம், ஃபேக்டோரியோ யுடிபி 34197. டிசிபிக்கு எழுதிய விதி யுடிபி ஆட்டத்துக்கு ஒரு துளியும் உதவாது. இரண்டாவது, ஓஎன்டி பெட்டிகளில் மட்டும் காணப்படும் சிக்கல்: அவற்றில் இணையத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, நிறுவனத்தின் பராமரிப்புக்கு ஒன்று எனப் பல வான் இணைப்புகள் இருக்கும். விதியை எழுதும் பக்கத்தில் தானாகத் தேர்வாகி நிற்பது இணையத்துக்குரியதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ‘இன்டர்நெட்’ என்ற சொல் உள்ள இணைப்பைத் தேடித் தேர்ந்தெடுங்கள்.

‘டிஎம்ஸெட்’ வசதியில் கணினியைப் போட்டால் எல்லாம் திறந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். திறந்துவிடும் என்பது உண்மைதான். ஒரு போர்ட்டுக்குப் பதிலாகக் கணினி முழுவதுமே இணையத்தின் முன் நிற்கும். அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

படி 5: வெளியிலிருந்து சோதியுங்கள்

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரிக்கு இணைத்துப் பார்த்து ‘வரவில்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளிருந்து வெளிப்போய்த் திரும்ப உள்ளே வரும் இந்தப் பாதையைப் பல ரௌட்டர்கள் ஆதரிப்பதில்லை. வெளியூர் நண்பருக்கு வேலை செய்யும் சர்வர் உங்களுக்கு மட்டும் செத்ததுபோல் தோன்றும். ஒரு மடிக்கணினியைக் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் இணைத்து, அதிலிருந்து சோதிப்பதே நம்பகமானது. போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் இணையதளங்களையும் பயன்படுத்தலாம், இரண்டு நிபந்தனைகளுடன்: சோதிக்கும் நேரத்தில் சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆட்டம் டிசிபியில் இயங்குவதாக இருக்க வேண்டும். யுடிபி போர்ட் மௌனமாக இருப்பதிலிருந்து அது திறந்ததா மூடியதா என்று இத்தளங்களால் சொல்ல இயலாது.

இன்னும் தோற்றால், சர்வர் கணினியில் வயர்ஷார்க் மென்பொருளை நிறுவி, போர்ட் 25565 தொடர்பானவற்றை மட்டும் காட்டும்படி அமைத்துவிட்டு, நண்பரை இணைக்கச் சொல்லுங்கள். திரையில் அழைப்பு வந்து நின்று பதில் போகவில்லை என்றால் தடை உங்கள் கணினியில். படி 2-க்குத் திரும்புங்கள். அழைப்பே வந்து சேரவில்லை என்றால் தடை ரௌட்டரிலோ அதற்கு அப்பாலோ. மணிக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருப்பதை இந்த ஒரு சோதனை முடித்துவைக்கும்; பயந்து ஒதுக்க வேண்டிய மென்பொருள் அல்ல.

வெற்றி கிடைத்தபின், வீட்டு இணைப்பின் பொது முகவரி அவ்வப்போது மாறும் என்பதால், மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டக்டிஎன்எஸ் போன்ற இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவையில் ஒரு பெயரைப் பதிந்து, எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை நண்பர்களுக்குக் கொடுங்கள்.

சிஜிநாட் இருந்தால் என்ன செய்வது?

முதலில் கேட்டுப் பாருங்கள். சேவை மைய எண்ணுக்கு அழைத்தால் பெரும்பாலும் ‘ரௌட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்பதே பதில். உங்கள் பகுதிக் கேபிள்காரரிடம் நேரில் கேட்பது பலன் தரும். ‘நெட் சரியாக வரவில்லை’ என்று சொல்லாமல், ‘அண்ணே, நம்ம லைன் சிஜிநாட்ல இருக்கு, எனக்குப் பப்ளிக் ஐபி வேணும், ஸ்டாட்டிக் ஐபிக்கு மாசம் எவ்வளவு ஆகும்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க’ என்று குறிப்பாகக் கேளுங்கள். பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இருக்கும். வார இறுதியில் நான்கு பேர் ஆடுவதற்கு அந்தச் செலவு தேவையா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எனக்கு அது அதிகமாகவே படுகிறது.

இரண்டாவது வழி ஐபிவி6. இதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது. சிஜிநாட் குறுக்கே வராது. ஐபிகான்ஃபிக் காட்டும் பட்டியலில் 2 என்ற எண்ணில் தொடங்கும் நீண்ட ஐபிவி6 முகவரி இருந்தால் உங்களுக்கு இந்த வசதி உண்டு. எஃப்இ80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டுமே செல்லும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ரௌட்டர் உள்வரும் ஐபிவி6 அழைப்புகளை இயல்பாகத் தடுத்து வைத்திருக்கும் என்பதால், அதன் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தக் கணினிக்கும் அந்தப் போர்ட்டுக்கும் மட்டும் அனுமதி எழுதுங்கள். நண்பரின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஜியோ போன்ற மொபைல் இணைப்புகளில் அது இருக்கும். விடுதி வைஃபையிலும் அலுவலக வலையமைப்பிலும் பெரும்பாலும் இருக்காது.

மூன்றாவது, நடைமுறையில் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது: டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடயர். இவை உங்கள் கணினியும் நண்பர்களின் கணினிகளும் ஒரே வீட்டு வலையமைப்பில் இருப்பதுபோன்ற தனி வலையமைப்பை இணையத்தின் மேல் உருவாக்குகின்றன. இரு முனைகளும் வெளிநோக்கியே இணைப்பைத் தொடங்குவதால் சிஜிநாட் தடுப்பதில்லை. ரௌட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நண்பரும் செயலியை நிறுவி, உங்கள் அழைப்பை ஏற்று, செயலி காட்டும் உங்கள் கணினியின் எண்ணை ஆட்டத்தில் கொடுத்தால் போதும். ஒரு சிறு எச்சரிக்கை: டெயில்ஸ்கேல் தரும் எண்களும் அதே 100.64 தொகுதியைச் சேர்ந்தவை. அதைப் பார்த்துச் சிஜிநாட் என்று குழம்பாதீர்கள்; படி 3-இல் பார்க்கச் சொன்னது ரௌட்டரின் வான் முகவரியை.

நண்பர்கள் எதையும் நிறுவ மாட்டோம் என்றால் பிளேஇட் போன்ற டன்னல் சேவை இருக்கிறது. உங்கள் கணினியில் மட்டும் ஒரு நிரலை ஓட்டினால் அது ஒரு பொது முகவரியைத் தரும். எல்லாத் தரவும் அவர்களுடைய சர்வர் வழியாகச் சுற்றிவருவதால் பிங் (தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம்) சற்றுக் கூடும். மைன்கிராஃப்டுக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியது, துப்பாக்கி ஆட்டங்களுக்கு எரிச்சலூட்டும்.

இணைந்தபின் தடுமாறினால்

கன்சோலில் ‘கான்ட் கீப் அப்’ என்ற வரி அடிக்கடி வந்தால் கணினி திணறுகிறது. நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘வியூ டிஸ்டன்ஸ்’ அளவை இயல்பான 10-லிருந்து 6 அல்லது 7-க்குக் குறையுங்கள். அந்த வரி இல்லாமலே ஆட்டம் தாவித் தாவி ஓடினால், சர்வரை வைஃபையிலிருந்து லேன் கேபிளுக்கு மாற்றுங்கள். யாரேனும் கல்யாண வீடியோக்களைக் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், ஏனெனில் சர்வருக்குத் தேவைப்படுவது பதிவேற்ற வேகம்.

மின்சாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்வருவது டெல்டாவில் புதிதல்ல. சர்வர் ஓடும்போது கணினி சட்டென அணைந்தால் ஆட்ட உலகத்தின் கோப்புகள் சிதையக்கூடும். கணினிக்கு யுபிஎஸ் வையுங்கள்; ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும், அவற்றின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு பார்த்து, சிறிய டிசி யுபிஎஸ் வாங்குங்கள். இவ்வளவு செய்தும் தெருவில் மின்சாரம் போனவுடன் நெட்டும் போகிறதென்றால், கேபிள்காரர் தெருவில் வைத்திருக்கும் மின்சாரத்தில் இயங்கும் ஸ்விட்ச்தான் அணைகிறது. ஜிபான் ஃபைபரில் வழியில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், எந்த வகை இணைப்பு என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மின்தடை அறிவித்த நாளில் கன்சோலில் ‘ஸ்டாப்’ கட்டளை கொடுத்துச் சர்வரை முறையாக மூடி, ‘வேர்ல்ட்’ கோப்புறையை வேறொரு வட்டில் நகலெடுத்துவிடுங்கள்.

திறந்த போர்ட்டைக் காப்பது

25565 திறந்திருக்கும் முகவரிகளை இணையம் முழுவதும் தேடித் திரியும் நிரல்கள் உள்ளன. உங்கள் சர்வரின் முகவரியை யாருக்கும் சொல்லாவிட்டாலும் அவை கண்டுபிடிக்கும். எனவே ஒயிட்லிஸ்டை இயக்கி, நண்பர்களின் பெயர்களை மட்டும் சேர்த்து, வருபவரின் கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் ‘ஆன்லைன்-மோட்’ அமைப்பை ‘ட்ரூ’ என்றே வையுங்கள். 1.18.1-க்கு முந்தைய பல பதிப்புகளில், 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் என்ற ஓட்டை இருக்கிறது. சாட் பெட்டியில் தட்டிய ஒரு வரியாலேயே சர்வர் கணினியைக் கைப்பற்ற அது வழிவிட்டது. பழைய பதிப்பில்தான் ஆடுவோம் என்றால் அதற்கான திருத்தத்தை இடாமல் வெளியே திறக்காதீர்கள். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உரிய 3389 போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம்.

வேலை செய்யும் அமைப்பு கிடைத்ததும் ரௌட்டரின் டிஎச்சிபி பக்கத்தையும் போர்ட் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடி இறங்கி ஓஎன்டி பழுதாகி, கேபிள்காரர் புதுப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனால் விதிகள் அனைத்தும் அழிந்திருக்கும். சில வேளை இணைப்பே சிஜிநாட்டுக்கு மாற்றப்பட்டிருக்கும். அன்றைக்குப் பழைய விதிகளை எழுத உட்காரும் முன் படி 3-இல் சொன்ன இரண்டு எண்களையும் மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.